கபிரமாட்டாவில் கிடைத்த பாண்

சிட்னிக்கு வந்த புதிதில் இடியப்பத்துக்கோ கறிக்கோ நான் அலையவில்லை. துங்காபி, பெண்டில் ஹில், வென்வேர்த்வில் பக்கம் தமிழ்க் கடைகள் தாராளம். பாணுக்குத்தான் ஏக்கம். சுப்பர்மார்க்கெட்டில் விற்கிற வெட்டின பாண் பஞ்சு மாதிரி, சம்பல் பட்டதும் ஊறிப்போகும். போறணையில் இருந்து சுடச்சுட வருகிற றோஸ் பாணைப் பிய்க்கும்போது தோல் உடையுமே, அது அதில் இல்லை.

"கபிரமாட்டாவுக்குப் போய்ப் பாரும் தம்பி. பாண் எண்டா அங்கைதான்" என்றார் வேலையிடத்து அண்ணை ஒருவர். அது சிட்னியின் மேற்கே வியட்நாமியர் நிறையப் பேர் வாழும் இடம். துங்காபியில் ஏறினால் மாறத் தேவையில்லை. பரமட்டா, மெரிலாண்ட்ஸ், ஃபெயார்ஃபீல்ட் தாண்டி ரயில் நேரே அங்கே போகிறது.

ஜோன் வீதியில் கடைப் பலகைகள் எல்லாம் வியட்நாமிய எழுத்தில். பான் மி என்கிற வியட்நாமியச் சாண்ட்விச் விற்கிற கடையில் நின்ற அம்மா நீளப் பாணைக் கீறி, பன்றி ஈரலை அரைத்துச் செய்த பதேயும் முட்டை வெண்ணெயும் பூசினார். இறைச்சிக்கு மேல் வெள்ளரிக்காய், வினிகரும் சீனியும் விட்டு ஊறவைத்த கரட், வெள்ளை முள்ளங்கி, காம்போடு கொத்தமல்லித் தழை. "சில்லி?" என்று கேட்டார். தலையாட்டினேன். கொச்சிக்காய் உறைப்பு! கண்ணில் தண்ணீர் வந்தது, மனம் நிறைந்துவிட்டது. மெல்லிய தோல் கடிக்கக் கடிக்க நொறுங்கியது.

இலங்கையில் நமக்குப் பாணைப் பழக்கியவர்கள் போர்த்துக்கேயர், வியட்நாமியருக்குப் பிரெஞ்சுக்காரர். வந்தவன் கொடுத்ததைத் தங்கள் மிளகாயாலும் ஊறுகாயாலும் சைகோன் மக்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். 1975 ஏப்ரல் 30இல் அந்த நகரம் வட வியட்நாம் படைகளிடம் வீழ்ந்தது. அடுத்த ஏப்ரலில் ஐந்து பேரோடு முதல் அகதிப் படகு அவுஸ்திரேலியாவின் வடக்கே டார்வினுக்கு வந்து சேர்ந்தது. பின்னால் வந்தவர்களில் பலர் கபிரமாட்டாவுக்குப் பக்கத்தில் வில்லவுட் குடியேறிகள் விடுதியில் தங்கி, அங்கிருந்து இந்தத் தெருக்களுக்கு வந்தவர்கள். அதே வில்லவுட்டில்தான் தடுப்பு முகாமும் இருக்கிறது. படகேறி வந்த நம் பிள்ளைகள் சிலர் வருடக்கணக்கில் அதற்குள் கிடந்தார்கள். ஒரே மாதிரிக் கடல் கடந்துவந்தவர்களுக்கு இந்த நாடு காட்டிய இரண்டு முகங்கள் இவை. எனக்கு இது இன்றைக்கும் ஆறவில்லை.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். கோழி கேட்டாலும் பதே பூசிவிடுவார்கள், பன்றி சாப்பிடாதவர்கள் முதலே சொல்லிவிடுங்கள். சைவக்காரர் ரோஃபு (சோயாக் கட்டி) கேட்கலாம், ஆனால் முட்டையும் மீன் சோஸும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லவேண்டும். வெறும் பாணும் தனியாக விற்கிறார்கள். நான் இப்போது அதைத்தான் பை நிறைய வாங்கிவருகிறேன். பின்னேரத்துக்குள் தோல் இளகிவிடும். கொஞ்சம் தண்ணீர் தெளித்து ஓவன் அடுப்பில் சில நிமிடம் வைத்தால் திரும்பவும் மொறுமொறுக்கும். பருப்புக்கறியைவிட இடிச்ச சம்பல்தான் அதற்குச் சரி.