மயக்கம் என்ற சொல்லும் ஒரு மறுவிண்ணப்பமும்

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கு நான் முதல்முறை விண்ணப்பித்த சுற்றில், 18 கல்லூரிகளில் 17 என்னை நேர்காணலுக்கே அழைக்கவில்லை. அழைத்த ஒன்றும் காத்திருப்போர் பட்டியலில் வைத்திருந்துவிட்டு, 2023 மே மாதக் கடைசியில் கைவிரித்தது. அந்தச் சுற்றில் நாடு முழுவதும் 52,000-க்கு மேற்பட்டோர் எம்டி படிப்புக்கு (அமெரிக்காவில் இதுவே அடிப்படை மருத்துவப் பட்டம்) விண்ணப்பித்து, 23,000-க்குச் சற்றுக் குறைவானோரே சேர்ந்தார்கள் என்பது பிறகு தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் பாதிப் பேருக்கு மேல் தோற்ற கூட்டத்தில் நானும் ஒருத்தி என்பதைவிட, நான் எதனால் தோற்றேன் என்பதே எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

நிராகரித்த கல்லூரிகளில் சில, கேட்டால் காரணம் சொல்லும். நான் எழுதிக் கேட்டவற்றில் ஒன்று மட்டும் பதினைந்து நிமிடத் தொலைபேசி உரையாடலுக்கு நேரம் ஒதுக்கியது. எதிர்முனையில் பேசிய சேர்க்கை அலுவலர் என் விண்ணப்பத்தை இரண்டு முறை வாசித்ததாகச் சொன்னார். நீங்கள் என்னென்ன சாதித்தீர்கள் என்பது நன்றாகத் தெரிகிறது, ஆனால் இதில் ஒரு நோயாளிகூட வரவில்லையே என்றார். செப்டம்பரில் வந்து சேர்ந்த விண்ணப்பத்தை நாங்கள் கையில் எடுத்தபோது நேர்காணல் இடங்களில் பெரும்பகுதி நிரம்பிவிட்டது என்பதையும், போகிற போக்கில் சொல்வதுபோல் சொல்லிவைத்தார். மே மாத இறுதியிலிருந்தே சமர்ப்பிக்கக்கூடிய ஒன்றை நான் செப்டம்பர் வரை மெருகேற்றிக்கொண்டிருந்தேன்.

திருச்சியிலுள்ள என் சித்திக்கு இதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நீட் எழுதி, இடம் கிடைக்காமல், ஓராண்டு வீட்டிலிருந்து மறுபடி எழுதுகிற பிள்ளைகளை அவருக்குத் தெரியும். 720-க்கு எவ்வளவு குறைந்தது, அடுத்த முறை எவ்வளவு வேண்டும் என்பதோடு அங்கே கணக்கு முடிகிறது. இங்கே எம்கேட் என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண் வாசலைத் திறக்கும், அவ்வளவுதான். உள்ளே போனபின் பதினைந்து வரை பட்டியலிடக்கூடிய செயல்பாடுகளும், ஒரு தன்விளக்கக் கட்டுரையும், பரிந்துரைக் கடிதங்களும், கல்லூரிக்குக் கல்லூரி தனித்தனியாக எழுத வேண்டிய இரண்டாம் கட்டக் கட்டுரைகளும் காத்திருக்கின்றன. “அப்போ எதைப் படிச்சா கிடைக்கும்னு யாருக்குமே தெரியாதா?” என்று சித்தி கேட்டார். நான் கேட்டதிலேயே நியாயமான கேள்வி அதுதான்.

மறுவிண்ணப்பம் செய்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது நாள்காட்டியை. இறுதி நிராகரிப்பு ஏப்ரலிலோ மே மாதத்திலோ வருகிறது. அடுத்த சுற்று மே இறுதியிலேயே தொடங்கிவிடுகிறது. உடனே விண்ணப்பித்தால், கல்லூரி பார்க்கப்போவது கையில் புதிதாக எதுவும் சேராத அதே ஆளைத்தான். பல கல்லூரிகள் மறுவிண்ணப்பதாரரிடம் நேராகவே, போன முறைக்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதச் சொல்கின்றன. ஐந்து வாரத்தில் செய்ததை வைத்து அதை எழுத முடியாது. நான் இளநிலைப் பட்டம் வாங்கிய கல்லூரியில், மருத்துவத்துக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு வழிகாட்டும் ஆலோசகர் அந்தச் சுற்றை விட்டுவிடச் சொன்னபோது அழுதுவிட்டேன். ஒரு வருடம் என்று வீட்டில் சொல்லிவைத்தது இரண்டு வருடமாகப் போகிறது என்பதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதே அப்போது பெரிய கவலையாக இருந்தது.

2023 ஜூலையில் நியூ ஜெர்சியில், வீட்டிலிருந்து நாற்பது நிமிடத் தொலைவிலிருந்த மருத்துவமனையொன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் ஸ்கிரைப்பாகச் சேர்ந்தேன். மருத்துவர் நோயாளியோடு பேசும்போது பக்கத்தில் நின்று, சக்கரம் வைத்த கணினியில் அவர்கள் பேசுவதை மருத்துவப் பதிவாக எழுதுவதே ஸ்கிரைப்பின் வேலை. நோயாளியைத் தொடக்கூடாது, ஆலோசனை சொல்லக்கூடாது, மருத்துவர் படித்துப் பார்த்துக் கையெழுத்திடும்வரை நாம் எழுதியதற்கு மதிப்பில்லை. சம்பளம் கடையில் நிற்பவருக்குக் கிடைப்பதைவிட அதிகம் என்று சொல்ல முடியாது. பட்டம் வாங்கிய பெண் இரவு ஷிஃப்டில் இன்னொருவர் சொல்வதைத் தட்டச்சு செய்கிறாளே என்று அம்மா முதல் மாதம் முழுக்கக் குமைந்தார்.

முதல் சில வாரங்கள் அந்தப் பதிவுகளின் மொழியைக் கற்பதிலேயே போயின. நோயாளி தன் நெஞ்சில் வலி இல்லை என்று சொன்னால், அவர் நெஞ்சு வலியை ‘மறுக்கிறார்’ என்று எழுதுவதே ஆங்கில மருத்துவப் பதிவின் மரபு. இதை அம்மாவிடம் சொன்னபோது, காவல் நிலையத்தில் வாக்குமூலம் எழுதுவது போலல்லவா இருக்கிறது என்று சிரித்தார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் அந்த வறட்டு மொழிக்குள் ஓர் ஒழுக்கம் இருந்தது: நோயாளி சொன்னது ஒரு பகுதியிலும், மருத்துவர் கண்டது இன்னொரு பகுதியிலும், அவர் அதிலிருந்து என்ன முடிவுக்கு வருகிறார் என்பது மூன்றாவது பகுதியிலும் இருக்க வேண்டும், ஒன்று மற்றொன்றுக்குள் கசியக் கூடாது. நான் பதற்றத்தில் முடிவை முதல் பகுதியிலேயே எழுதிவிடுவேன். என்னோடு அதிகம் வேலை செய்த மருத்துவர் ஒவ்வொரு முறையும் அந்த வரியை அழித்துவிட்டு, இதை அவர் சொன்னாரா, நீ சொல்கிறாயா என்று கேட்பார்.

அந்த ஆண்டின் கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் மாலை எழுபது வயதைக் கடந்த தமிழ் அம்மா ஒருவரை மகன் அழைத்துவந்தார். (யாரென்று தெரியாதபடி சிலவற்றை மாற்றியே எழுதுகிறேன், நோயாளியின் தகவலைக் காக்கும் ஹிப்பா சட்டம் ஒருபுறம் இருக்க, மரியாதையும் அதுதான்.) அம்மா நினைவிழந்துவிட்டார் என்று மகன் ஆங்கிலத்தில் சொன்னதால், வரவேற்பிலேயே அப்படிப் பதிவாகியிருந்தது. வயதானவர் நினைவிழந்து விழுந்திருக்கலாம் என்றால் தலைக்கு சிடி ஸ்கேன் எடுக்கும் பேச்சு வருவது இயல்பு, அதுவும் வந்தது. அதற்குள் அந்த அம்மா மகனிடம், “மயக்கமா வந்துச்சுன்னுதானடா சொன்னேன்” என்று முணுமுணுத்தது என் காதில் விழுந்தது.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இதன் சிக்கல் உடனே புரியும். மயக்கம் என்ற சொல்லை நாம் தலை கிறுகிறுப்பதற்கும், கண் இருட்டுவதற்கும், பேச்சுமூச்சின்றிக் கிடப்பதற்கும் பயன்படுத்துகிறோம். மருத்துவருக்கோ இவை மூன்று வெவ்வேறு கதவுகள். ஒன்று காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பை நோக்கிப் போகும், இன்னொன்று ரத்த அழுத்தத்தை நோக்கி, மற்றொன்று இதயத் துடிப்பை நோக்கி. அந்த அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும் என்று எனக்குத் தெரியும். கேட்க எனக்கு அனுமதியில்லை. மருத்துவமனைகள் தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கொண்டே பேச வேண்டும் என்பது 2010-ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டத்தை ஒட்டி வந்த விதி. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவள் என்பது அந்தத் தகுதியில் சேராது. அது சரியான விதி என்று இப்போதும் நினைக்கிறேன், அன்று நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தபோதிலும்.

அறைக்கு வெளியே வந்ததும் மருத்துவரிடம், மகன் சொன்னதும் அம்மா சொன்னதும் ஒன்றல்ல என்று எனக்குத் தோன்றுகிறது, அந்தச் சொல்லுக்குப் பல பொருள் உண்டு என்று மட்டும் சொன்னேன். அவர் திரும்பி உள்ளே போய், திரைவழியே பேசும் மொழிபெயர்ப்பாளரை வரவழைத்தார். ஐந்தாறு நிமிடம் கழித்துத் திரையில் தோன்றிய பெண், “கீழே விழுந்துட்டீங்களாம்மா, இல்ல நின்னுக்கிட்டு இருக்கும்போதே ஒரு மாதிரி ஆச்சா?” என்று கேட்டார். “விழல தாயி. கட்டில்ல இருந்து எந்திரிச்சேன், கண்ணை இருட்டிக்கிட்டு வந்துச்சு, செவத்தப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டேன்.” மேலும் கேட்டபோது, முந்தைய வாரம் ரத்த அழுத்த மாத்திரையின் அளவு கூட்டப்பட்டிருந்ததும், அன்று கார்த்திகை சோமவாரம் என்பதால் காலையிலிருந்து ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டதும் தெரியவந்தன. விரதத்தைப் பற்றி மகன் சொல்லவே இல்லை. மருத்துவமனையில் சொல்ல வேண்டிய விஷயமாக அது அவருக்குத் தோன்றவில்லை. படுத்திருக்கையில் 138 இருந்த அழுத்தம், எழுந்து நின்றதும் 104-க்கு இறங்கியது. ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் எப்படியும் எடுத்தார்கள். சிடி ஸ்கேன் மட்டும் தேவையில்லை என்றானது. நான் எழுதிய பதிவில், கண் இருட்டியது, சுவரைப் பிடித்தார், உட்கார்ந்தார் என்று அவர் சொன்ன வரிசையிலேயே இருந்தது. அந்த முறை மருத்துவர் எதையும் அழிக்கவில்லை.

சனிக்கிழமைகளில் ஓர் இறுதிநிலைப் பராமரிப்பு அமைப்பில் தன்னார்வலராக இருந்தேன். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரிடம் பணம் பெறும் இத்தகைய அமைப்புகள் தம் பராமரிப்பு நேரத்தில் 5 சதவீத அளவுக்காவது தன்னார்வலர்களைக் கொண்டு நடத்த வேண்டும் என்ற விதி இருப்பதால், அவர்களுக்கு எப்போதும் ஆள் தேவை. அங்கே நான் செய்தது மிகக் குறைவு. ஒரு முதியவரோடு மூன்று மாதம் பேஸ்பால் ஆட்டம் பார்த்தேன். அவர் இல்லாத சனிக்கிழமை அன்று வேறு அறைக்கு அனுப்பினார்கள். விண்ணப்பத்தில் இதைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் எழுத மனம் வரவில்லை.

எம்கேட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 472-லிருந்து 528 வரை போகும் அளவுகோலில் முதல் முறை நான் வாங்கியது 506. கல்லூரியில் சேர்கிறவர்களின் சராசரியோ 511, 512-ஐ ஒட்டி இருக்கிறது. 2024 மார்ச்சில் மறுபடி எழுதி 513 வாங்கினேன். அறிவியல் பகுதிகளைவிட, 90 நிமிடத்தில் 53 கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டிய வாசிப்புப் பகுதியில்தான் ஏற்றம் கூடுதல். இவர் சொன்னாரா, நீ சொல்கிறாயா என்ற மருத்துவரின் கேள்வி அந்தப் பகுதிக்கும் பொருந்தும் என்பது எனக்குத் தேர்வு அறையில்தான் உறைத்தது. இளநிலைப் படிப்பின் மதிப்பெண் சராசரியை மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நான்கு ஆண்டுக் கணக்கு ஒரு மாலைநேர வகுப்பால் அசையாது.

மறுவிண்ணப்பத்தின் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது பழையதை எடுத்துப் பார்த்தேன். இடைவெளிகளையும் சேர்த்து 5,300 எழுத்துக்குள் அடங்க வேண்டிய அந்தக் கட்டுரையில், இரக்கம், அர்ப்பணிப்பு, தலைமைப் பண்பு என்று நானே எனக்கு வழங்கிக்கொண்ட பட்டங்கள்தான் நிறைய இருந்தன. பாட்டியின் சர்க்கரை நோய் முதல் பத்தியில் வந்து, என்னை மருத்துவராக்கும் வேலையை முடித்துவிட்டு, இரண்டாம் பத்தியில் காணாமல் போயிருந்தது. பாட்டி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. முடிவை முதல் பகுதியிலேயே எழுதிவிடுகிற அதே நோய். புதிய கட்டுரையில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அம்மாவும், திரையில் வந்த மொழிபெயர்ப்பாளரும், வாயைத் திறக்காமல் நின்ற நானும் இருந்தோம். என் குணநலன்களைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

பரிந்துரைக் கடிதங்களிலும் வேறுபாடு இருந்திருக்க வேண்டும். முதல் முறை எழுதியவர்கள் இருநூறு பேர் அமர்ந்த வகுப்பில் எனக்கு ஏ மதிப்பெண் கொடுத்த பேராசிரியர்கள். என் முகம் அவர்களுக்கு நினைவிருந்தாலே பெரிது. இம்முறை ஒரு கடிதம், பத்து மாதம் என் தவறுகளை அழித்துக்கொண்டிருந்த மருத்துவர் எழுதியது. அதை நான் பார்க்கும் உரிமையைக் கையெழுத்திட்டு விட்டுக்கொடுத்திருந்ததால், என்ன எழுதினார் என்று இன்றுவரை தெரியாது. கல்லூரிப் பட்டியலையும் பெயருக்காக அன்றி, எங்கள் மாநிலத்தவரையும் என் மதிப்பெண்ணை ஒத்தவர்களையும் சேர்க்கிற இடங்களாகப் பார்த்து மாற்றினேன். ஜூன் முதல் வாரத்திலேயே சமர்ப்பித்தேன். ஐந்து நேர்காணல்கள் வந்தன. அவற்றில் இரண்டு, கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் உருவாக்கிப் பரவலாக்கிய பல-நிலைய முறையில் நடந்தவை. சில நிமிடத்துக்கு ஒருமுறை அறை மாறி, முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒரு சிக்கலைப் பற்றிப் பேச வேண்டும். ஒரு நிலையத்தில், உனக்குத் தெரிந்ததைச் சொல்ல உனக்கு அதிகாரமில்லாத தருணம் ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு நான் தயார் செய்திருக்கவே இல்லை, தேவையும் படவில்லை.

இடம் கிடைத்த பிறகும் 2025 ஜூலை வரை வேலையில் தொடர்ந்தேன். கடைசி வாரத்தில், எனக்குப் பதிலாக வந்த பெண்ணுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. அவளும் இரண்டாம் முறை விண்ணப்பிக்கப் போகிறவள். என் சட்டைப்பையில் இருந்த, ஓரம் கிழிந்த சுருக்கெழுத்துக் குறிப்பேட்டை அவளிடம் கொடுத்தேன். புரட்டிக்கொண்டே வந்தவள், ஒரு பக்கத்தில் தனியாகத் தமிழில் எழுதி அடிக்கோடிட்டிருந்த சொல்லைக் காட்டி, இது என்ன நோய் என்று கேட்டாள். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பதினோராம் அறையிலிருந்து அழைப்பு வந்தது. கணினியைத் தள்ளிக்கொண்டு அவளே முன்னால் போனாள்.