டிஸ்சார்ஜ் ஆன அன்று எங்களிடம் யாரும் சொல்லாதது

பக்கவாதம் வந்து அப்பா 16 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். சிகிச்சையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். 17ஆம் நாள் காலை ரவுண்ட்ஸ் வந்தவர்கள் "இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள். எங்கள் கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது.

வலது கை, கால் அசையவில்லை. மூக்கு வழியாக உணவுக் குழாய், கீழே சிறுநீர்க் குழாய். இந்த நிலையில் வீட்டுக்குப் போவதா, வேறு எங்காவது சேர்ப்பதா என்ற பேச்சே எழவில்லை. "ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பதோடு முடிந்தது. வீட்டுக்குப் போகிறோம் என்ற நிம்மதியில் நாங்களும் எதையும் கேட்கவில்லை.

அன்று இரவே அனுபவித்தோம். எட்டு மணியிலிருந்து சிறுநீர்ப் பை நிறையவில்லை. ஒரு மணிக்கு அப்பாவின் அடிவயிறு கல்லாக இருந்தது, வலியில் முனகினார். அப்பாவைப் பார்த்துக்கொள்ள நாங்கள் வேலைக்கு வைத்த பெண்மணி, "குழாயெல்லாம் நான் தொடக் கூடாதும்மா, அது நர்ஸ் வேலை" என்றார். அவர் சொன்னது சரிதான். குளிப்பாட்ட, புரட்டிப் படுக்க வைக்க, துணி மாற்ற வருபவர் வேறு. குழாய், ஊசி, புண்ணுக்குக் கட்டு என்று பார்க்கும் பயிற்சி பெற்ற நர்ஸ் வேறு. எங்களுக்கு அந்த வித்தியாசமே தெரியவில்லை. ஆம்புலன்ஸ் வைத்து அவசரப் பிரிவுக்கு ஓடினோம். அங்கிருந்த நர்ஸ் போர்வையை விலக்கி, தொடைக்கு அடியில் மடங்கிக் கிடந்த குழாயை எடுத்து நேராக்கினார். பை நிறைய ஆரம்பித்தது. அவ்வளவுதான்.

அதனால் சொல்கிறேன், டிஸ்சார்ஜுக்கு முன்பே எல்லாவற்றையும் நர்ஸ் முன்னால் உங்கள் கையால் ஒருமுறை செய்து காட்டுங்கள். பார்த்துத் தெரிந்துகொண்டது இரவு ஒரு மணிக்கு உதவாது. பை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும். குழாயில் உணவு கொடுக்கும்போதும், கொடுத்து அரை மணி நேரம் வரையாவது தலைப்பக்கம் உயர்ந்தே இருக்க வேண்டும். அப்புறம், செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள்மூட்டு நழுவிவிடும். இது தெரியாமல் நானே இரண்டு நாள் அப்படித்தான் தூக்கினேன்.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட்தான் கேட்டார், "ஏன் ரீஹேப்ல சேர்க்கல?" அந்த வார்த்தைக்குப் போதை மறுவாழ்வு மையம் என்ற அர்த்தம்தான் எனக்குத் தெரியும். பக்கவாதம் வந்தவர்கள் சில வாரம் தங்கி உடற்பயிற்சி, பேச்சுப் பயிற்சி, விழுங்கும் பயிற்சி எல்லாம் ஒரே இடத்தில் பெறலாம் என்று அன்றுதான் தெரிந்தது. பெரும்பாலானவர்களுக்கு முதல் 3 மாதத்தில்தான் முன்னேற்றம் வேகமாக வரும். அதில் மூன்று வாரத்தைப் படுக்கையிலேயே கழித்துவிட்டோமே என்று இப்போதும் மனசு ஆறவில்லை.

ரீஹேப் மையத்தில் சேர்க்கப் போனபோது ஸ்கேன் ரிப்போர்ட்டும், விழுங்கும் பரிசோதனைக் குறிப்பும் கேட்டார்கள். எங்களிடம் இருந்தது இரண்டு பக்க டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும். ஆஸ்பத்திரி ரெக்கார்டு பிரிவுக்குப் போனால், "பேஷண்ட் கையெழுத்து வேணும்மா" என்றார் கிளார்க். "அவர் வலது கை அசையாது சார், அதுக்குத்தான் வந்தேன்" என்றேன். "கையெழுத்து இல்லாம தர முடியாது" என்று அடுத்தவரைக் கூப்பிட்டார். அடுத்த நாள் அப்பாவின் இடது கைப் பெருவிரல் ரேகை வைத்த கடிதம், எங்கள் இருவரின் அடையாள அட்டை நகல்களோடு போனேன். அதை மேலதிகாரியிடம் காட்டிய பத்தே நிமிடத்தில் எல்லாம் கைக்கு வந்தது. ரேகை போதும் என்று முதல் நாளே சொல்லியிருக்கலாம். கிளம்பும்போதே எல்லா ரிப்போர்ட்டுக்கும் நகல் வாங்கிவிடுங்கள்.

மாத்திரை விஷயத்தில் மயிரிழையில் தப்பினோம். அப்பா முன்பு போட்டுவந்த ரத்த அழுத்த மாத்திரையும், ஆஸ்பத்திரியில் எழுதித் தந்ததும் ஒரே மருந்து. கம்பெனிப் பெயர்தான் வேறு. இரண்டையும் கொடுத்துக்கொண்டிருந்தோம். மருந்துக்கடைக்காரர் அட்டையைப் பார்த்துக் கண்டுபிடித்தார். பழைய மாத்திரைகளில் எதைத் தொடரணும், எதை நிறுத்தணும் என்று டாக்டரிடம் எழுதியே வாங்குங்கள்.

மையத்தில் சேர்க்கும்போது முதலில் கேட்டது, "படுக்கையிலிருந்து இவரே எழுந்து உட்காருவாரா? வீட்டில் இரவில் யார் இருப்பீர்கள்?" இந்த இரண்டை ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தால், நாங்கள் அன்றே வேறு முடிவு எடுத்திருப்போம்.

மையத்தில் சேர்ந்த 12ஆம் நாள் மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். நேற்று அப்பா கட்டில் விளிம்பில் பிடிமானம் இல்லாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்தார். வீட்டுக்கு அனுப்பும் தேதியை இந்த முறை நான் முன்கூட்டியே கேட்டுவிட்டேன். குளியலறைக் கதவை அளந்தேன்; சக்கர நாற்காலி நுழைய 4 செ.மீ. குறைகிறது. தச்சர் நாளை வருகிறார்.