நரம்பு என்ற ஒரு சொல்லும் வீணாய்ப்போன மதுரைப் பயணங்களும்

இருபத்தாறு ஆண்டுகள் கரும்பலகைக்கு முன்னால் நின்றே தமிழ் நடத்தியதற்குக் கூலியாக, என் இடது காலில் முழங்காலுக்குக் கீழே நரம்புகள் பச்சைக் கொடிகளாகப் புடைத்துக்கொண்டன. மாலையில் காரைக்குடியில் பேருந்தை விட்டு இறங்கும்போது கணுக்கால் வீங்கியிருக்கும். நள்ளிரவில் கெண்டை புரட்டிக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் இதை "நரம்பு சுருட்டிக்கொண்டது" என்றே சொல்வோம். நரம்புதானே என்று மதுரையில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் நேரம் வாங்கினேன். முதல் தவறு அங்கேதான் நிகழ்ந்தது.

பேருந்தில் இரண்டு மணி நேரம், வரவேற்பறையில் மூன்று மணி நேரம். என்ன தொல்லை என்று கேட்காமலேயே 600 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். மருத்துவர் என் காலை அரை நிமிடம் பார்த்துவிட்டு, "இது நான் பார்க்கிற நரம்பு இல்லை அம்மா, இரத்தக்குழாய், அதற்கான அறுவை மருத்துவரைப் பாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். யாழின் தந்தியையும் மூளையின் கட்டளையைக் கொண்டுசெல்லும் இழையையும் தோலுக்கடியில் தெரியும் இரத்தக்குழாயையும் நாம் நரம்பு என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுசெல்வது தமனி, இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது சிரை என்று பாடநூலில் படித்த மாணவர்களுக்கு இருக்கும் தெளிவு, தமிழாசிரியையான எனக்கு இல்லாமல் போனது குறித்து இன்னும் வெட்கமாக இருக்கிறது.

இரத்தக்குழாய் மருத்துவர் பொறுமையானவர். கோப்பின் பின்னட்டையில் படம் வரைந்தே விளக்கினார். இதயத்தின் இடது கீழறை தள்ளும் இரத்தம் பெருந்தமனி வழியாகக் கால்வரை வேகமாக இறங்கிவிடுகிறது. ஆனால் சிறு தமனிகளையும் நுண்குழாய்களையும் கடக்கும்போது அந்த அழுத்தத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடுவதால், திரும்பி ஏறும் வேலையில் சிரைகளுக்கு இதயத்தின் தள்ளல் போதாது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி, ஆழத்தில் ஓடும் உள்சிரைகளைப் பிழிந்து மேலே ஏற்றுகிறது. ஏறியது இறங்காதபடி சிரைக்குள் இருக்கும் ஒருவழிக் கதவுகள் மூடிக்கொள்கின்றன. நின்றுகொண்டே இருந்தால் பிழிய ஆளில்லை. கதவுகள் பழுதானால் இரத்தம் கீழே வழிந்து, வரத்துக்கால் தூர்ந்த இடத்தில் தண்ணீர் நிற்பதுபோலத் தேங்கிச் சிரையைப் புடைக்கவைக்கிறது. 1628இல் வில்லியம் ஹார்வி இரத்தம் சுற்றிவருகிறது என்று நிறுவியபோது, கையில் கட்டுப் போட்டு, புடைத்த சிரையை விரலால் அழுத்திக் காட்டியது இந்தக் கதவுகளைத்தான் என்றும் சொன்னார். திரும்பும்போது பேருந்தில் என் புறங்கையில் நானும் அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துவரச் சொல்லியிருந்தார். செலவும் அலைச்சலும் குறையட்டும் என்று உள்ளூரிலேயே எடுத்தேன். படுக்கவைத்தே முழுவதும் எடுத்து முடித்தார்கள். அந்த அறிக்கையோடு மறுபடி மதுரைக்குப் போனால், மருத்துவர் அதை ஓரமாக வைத்துவிட்டார். படுத்திருக்கும்போது இரத்தத்தைக் கீழே இழுக்கும் எடை இல்லையாதலால் கதவின் ஒழுக்கு சரியாகத் தெரியாது. நிற்கவைத்து, கெண்டையை அமுக்கிவிட்டு, எத்தனை விநாடி பின்னோக்கிப் பாய்கிறது என்று அளக்க வேண்டும். தோலுக்கடியில் ஓடும் மேல்சிரையில் அரை விநாடிக்கு மேல் போனால் கோளாறு என்று கணக்கு. நின்று எடுத்தபோது எனக்கு இரண்டு விநாடியைத் தாண்டியது. உள்சிரையில் அடைப்பு இல்லை என்பதையும் அதே ஸ்கேனில் எழுதி வாங்குங்கள். சிகிச்சையில் மேல்சிரையை மூடிவிட்டால் இரத்தம் உள்சிரை வழியாகத்தான் ஏற வேண்டும். மேலும், ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அது சுருட்டல்தான் என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது. உள்சிரையில் கட்டிய இரத்தம் பெயர்ந்தால் கீழ்ப்பெருஞ்சிரை, வலது மேலறை, வலது கீழறை என்று ஏறி நுரையீரல் தமனியில் போய் அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது காப்பீட்டு மேசை. என் அரசு ஊழியர் காப்பீட்டு அட்டையில் தந்தையின் தலைப்பெழுத்தும் ஆதாரில் கணவரின் தலைப்பெழுத்தும் இருந்தன. "இது வேறு ஆள்" என்றார் அங்கிருந்த எழுத்தர், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. இருவரும் ஒருவரே என்று தலைமையாசிரியரிடம் முத்திரையோடு சான்று வாங்கி மறுவாரம் போனேன். அப்போது, அழகுக்காகச் செய்துகொள்ளும் சிகிச்சைக்குப் பணம் கிடைக்காது என்று புதிதாக ஒன்றைத் தொடங்கினார். கறுத்த கணுக்காலின் புகைப்படத்தையும் விநாடிக் கணக்கையும் எடுத்து வைத்தேன். மேற்கொண்டு பேசாமல் கணினியில் ஏற்றினார். அந்த ஒரு நிமிடத்துக்காகவே அலைந்தது போலிருந்தது.

கணுக்காலின் உட்புறத்திலிருந்து தொடையிடுக்கு வரை ஓடும், உடம்பிலேயே மிக நீளமான அந்த மேல்சிரையை லேசர் வெப்பத்தால் மூடினார்கள். அன்று மாலையே நடந்தேன்.

இந்தக் கோளாறுக்காக இறுக்கமான காலுறை வாங்குகிறவர்கள் காலையில், வீக்கம் ஏறும் முன் அளவு கொடுங்கள். நான் பயணம் முடித்த வீங்கிய காலோடு அளவு கொடுத்து வாங்கிய முதல் இணை, மறுநாள் காலையில் தொளதொளவென்று இறங்கிவிட்டது. பிரித்ததைக் கடைக்காரர் திரும்ப வாங்கவும் இல்லை.

போன வாரம் எதிர்வீட்டு ஆச்சி தம் காலைக் காட்டி, "எந்த நரம்பு டாக்டரிடம் போனாய்?" என்று கேட்டார். நாள்காட்டித் தாளைக் கிழித்து, "இரத்தக்குழாய் அறுவை மருத்துவர்" என்று பெரிதாக எழுதி, அதன் கீழே "ஸ்கேன் நின்றபடி" என்றும் சேர்த்துக் கொடுத்தேன்.