பில்லில் 142, பேனலில் 117: ஃபயர் அலாரம் பேனலை ஆட்டோ புரோகிராம் செய்த அனுபவம்

பழைய மகாபலிபுரம் சாலையில் தரைத்தளத்தோடு சேர்த்து நான்கு தள அலுவலகக் கட்டடம். ஒவ்வொரு சாதனத்தையும் அதன் எண்ணால் (அட்ரஸ்) அடையாளம் காணும் அட்ரஸபிள் பேனல், இரண்டு லூப் (பேனலில் கிளம்பிச் சாதனங்களைத் தொட்டுப் பேனலுக்கே திரும்பும் வயர்). வயரிங் வேறொரு ஒப்பந்தக்காரர் முடித்துவிட்டார். பேனலை உயிர்ப்பித்து ஒப்படைப்பது மட்டுமே எங்கள் வேலை. ஒரே நாளில் முடியும் என்று எழுதிக் கொடுத்திருந்தோம். நான்கு நாள் ஆனது. அதில் ஆட்டோ புரோகிராம், அதாவது லூப்பில் உள்ள சாதனங்களைப் பேனலே தேடிப் பட்டியலிடும் வேலை, ஓடியது மொத்தமே சில நிமிடங்கள்தான். மீதி எல்லாம் அது சொல்லாமல் விட்டதைத் தேடிய நேரம்.

முதல் நாள் வீண். தளங்களுக்கு வயர் ஏறும் மின் ஷாஃப்ட்டின் சாவி யாரிடம் என்று செக்யூரிட்டிக்கும் தெரியவில்லை, பராமரிப்பு ஆபீசுக்கும் தெரியவில்லை. சுவிட்சுகளையும் ஹூட்டர் (அலாரம் ஒலிப்பான்) போன்றவற்றையும் லூப்போடு இணைக்கும் மாட்யூல்கள் எல்லாம் அந்த ஷாஃப்ட்டுக்குள். அட்ரஸ் பட்டியலும் இல்லை. எந்த டிடெக்டருக்கு எந்த எண் என்று குறித்த டிராயிங்கைக் கேட்டால், "லூப் எல்லாம் ஓகே சார், போட்டதும் வந்துடும்" என்பதே ஒப்பந்தக்காரரின் பதில். இந்த வேலைக்குப் போகிறவர்கள் சாவியும் பட்டியலும் கைக்கு வராமல் கிளம்பாதீர்கள். பட்டியல் இல்லையென்றால் இல்லை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரி பிறகு மூன்று நாள் கூலிக்குக் கணக்காக நிற்கும்.

பேனலில் லூப்பைச் சொருகும் முன் மல்டிமீட்டர் வேலை. ப்ளஸ், மைனஸ் இரண்டையும் தனித்தனியாக எர்த்துக்கு எதிரே பாருங்கள். பிறகு லூப்பின் போன முனைக்கும் திரும்பிய முனைக்கும் இடையே ரெசிஸ்டன்ஸ். 1.5 சதுர மி.மீ. செம்பு என்றால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 12 ஓம். எங்கள் முதல் லூப் சுமார் 400 மீட்டர், ஆகவே ஒரு கம்பிக்கு 5 ஓமை ஒட்டி வரவேண்டும். 5.3 வந்தது, நல்லது. இரண்டாவது லூப்பின் நீளமும் ஏறக்குறைய அதுவே, ஆனால் 19 காட்டியது. மூன்றாம் தளத்தில் ஒரு பேஸில் (டிடெக்டர் மாட்டும் அடித்தட்டு) கம்பியின் இன்சுலேஷன் மேலேயே ஸ்க்ரூவை முறுக்கியிருந்தார்கள். இப்படிப்பட்ட இணைப்பு இன்றைக்கு வேலை செய்யும், ஏசி அதிர்வில் ஆறு மாதம் கழித்துப் பேசாமல் போகும். ஒன்று முக்கியம்: ஹெட்டுகளோ (பேஸில் மாட்டும் டிடெக்டர்) மாட்யூல்களோ மாட்டியிருக்கும் லூப்பில் மெகர் (உயர் வோல்ட்டில் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) போடவே கூடாது. 500 வோல்ட் பட்டால் மொத்த எலெக்ட்ரானிக்சும் போய்விடும். மெகர் என்றால் வெறும் வயரில் மட்டும்.

பவர் கொடுப்பது, பேட்டரி சேர்ப்பது, பழைய மெமரியை அழிப்பது எல்லாம் கையேட்டில் உள்ளபடி நடந்தன.

ஆட்டோ புரோகிராமை அழுத்துவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, அதை ஒருபோதும் தவற விடாதீர்கள். சர்வர் அறையில் தீயணைக்கும் கேஸ் சிலிண்டர் இருந்தால் அதைத் திறக்கும் சொலினாய்டைக் கழற்றி ஓரமாக வையுங்கள். பேனல் தானாகச் சேர்க்கும் வெளியீட்டு மாட்யூல்கள் எல்லாவற்றையும் பெரும்பாலான பேனல்கள் பொது அலாரத்தோடுதான் இணைக்கின்றன. எந்த டிடெக்டர் அடித்தாலும் எல்லா வெளியீடும் இயங்கும். கேஸ் பேனலுக்குப் போகும் மாட்யூலும் அதில் ஒன்று. முதல் சோதனைப் புகைக்கே சிலிண்டர் திறந்தால் செலவு ஒரு பக்கம் இருக்கட்டும், உள்ளே ஆள் இருந்தால் என்ன ஆவது? சொலினாய்டு, லிஃப்ட், ஏ.எச்.யூ. (ஏசி காற்றைத் தள்ளும் யூனிட்), கதவுப் பூட்டு ஆகிய நான்கையும் கம்பியைப் பிரித்து டேப் சுற்றிய பிறகுதான் நாங்கள் பட்டனைத் தொட்டோம்.

ஓட்டினோம். திரையில் வந்தது: டிடெக்டர் 117, மாட்யூல் 26. பில்லில் டிடெக்டர் 142, மாட்யூல் 36.

இங்கேதான் பலரும் என்டர் அழுத்தி ஏற்றுக்கொள்கிறார்கள். ஏற்றுக்கொண்டால் பேனலில் ஃபால்ட் விளக்கே எரியாது. ஏனென்றால் அதன் கணக்குப்படி கட்டடத்தில் இருப்பதே 117தான். பதில் சொன்னவர்களை மட்டும் பேனல் எழுதிக்கொள்கிறது. பதில் சொல்லாத 25 பேர் இருப்பதே அதற்குத் தெரியாது. பச்சை விளக்கோடு, குறையில்லாத திரையோடு, 25 இடத்தில் பாதுகாப்பே இல்லாத கட்டடம் ஒப்படைக்கப்பட்டுவிடும். என் கண்ணில் இந்த வேலையின் ஒரே பெரிய ஆபத்து இதுதான். பேனலுக்கு வெளியே ஓர் எண்ணிக்கை கையில் இல்லாமல் ஆட்டோ புரோகிராம் செய்யாதீர்கள். பில்லை மட்டும் நம்பாமல் தளம் தளமாக நடந்து, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருப்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

மாட்யூலில் குறைந்த பத்தில் ஆறு உண்மையில் குறையே இல்லை. அவை ஐசோலேட்டர்கள், லூப்பில் ஷார்ட் ஆனால் அந்தப் பகுதியை மட்டும் துண்டிப்பவை. பில்லில் மாட்யூல் வரிசையில் வரும், ஆனால் அவற்றுக்கு அட்ரஸ் கிடையாது. மீதி நான்கில் இரண்டு எண் வைக்கப்படாமல் 00-லேயே இருந்தன, இரண்டுக்கு ப்ளஸ் மைனஸ் மாறியிருந்தது.

டிடெக்டர்தான் பெரிய வேலை. ஒன்பது ஹெட்டுகள் கம்பெனியிலிருந்து வந்த 00-லேயே மாட்டப்பட்டிருந்தன. அவற்றைக் கண்டுபிடிப்பது சுலபம், கழற்றிப் பின்பக்கம் பார்த்தால் போதும். இரண்டு ஹெட்டுகள் பேஸில் சரியாக உட்கார்ந்தன, தோற்றமும் அச்சு அசலாக அதேதான், பதில் மட்டும் இல்லை. லேபிளைப் படித்த பிறகு தெரிந்தது, வேறு புரோட்டோகாலில் (பேனலோடு பேசும் மொழி) பேசும் ஹெட். ஒரே தொழிற்சாலை பல பேனல் கம்பெனிகளுக்கு ஹெட் செய்து தருவதால் இப்படிக் கலந்து வரும். உருவத்தைப் பார்க்காதீர்கள், மாடல் எண்ணைப் படியுங்கள்.

எட்டு ஹெட்டுகள் ஒரே கான்ஃபரன்ஸ் ஹாலில் மொத்தமாகக் காணோம். லூப் ஓரிடத்தில் அறுந்தால் பேனல் மறுமுனையிலிருந்தும் பேசும், ஹெட் எதுவும் காணாமல் போகாது. வரிசையாக எட்டு போனால் காரணம் இரண்டில் ஒன்று. இரண்டு ஐசோலேட்டருக்கு நடுவே ஷார்ட் இருந்து இரண்டுமே திறந்துவிட்டிருக்கும், அல்லது யாரோ லூப்பிலிருந்து கிளை இழுத்திருப்பார்கள். ஐசோலேட்டரைப் பார்த்தோம், சரியாக இருந்தது. சீலிங்கைத் திறந்தால் ஒரு பேஸிலிருந்து தனி வயர் கிளையாகப் போய், முதல் ஜாயின்ட்டிலேயே விட்டுப்போயிருந்தது. முறுக்கி டேப் ஒட்டிய ஜாயின்ட். அதைச் சேர்த்துவிட்டு வந்திருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். ஆனால் கிளையில் உள்ள ஹெட்டுகளுக்கு மறுவழி கிடையாது. திரும்பும் வயர் இழுக்க வைத்து அந்த எட்டையும் லூப்புக்குள் கொண்டுவந்தோம். அரை நாள் போனது, போகட்டும்.

மீதி ஆறுதான் எங்களை அலைக்கழித்தது. எல்லா ஹெட்டிலும் எண் இருக்கிறது, வயர் சரி, மாடல் சரி. ஆனாலும் பேனலில் ஆறு குறைகிறது.

இந்த ஹெட்டின் பின்புறம் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் திருப்பும் இரண்டு வட்டச் சுவிட்ச். ஒன்று பத்து, மற்றது ஒன்று. இவை 99 வரை மட்டும் வைக்கக்கூடிய ஹெட்டுகள் என்பதால் இரண்டு வட்டத்திலும் 0 முதல் 9 வரைதான். அளவும் ஒன்று, நிறமும் ஒன்று. ஹெட்டைத் தலைகீழாகப் பிடித்தால் இடது வலதாகிவிடும். 13 வைப்பதாக நினைத்து 31 வைத்துவிடுவோம். 31 வேறொரு இடத்தில் ஏற்கெனவே இருக்கிறது. இருவரும் ஒரே எண்ணில் ஒரே நேரத்தில் பதில் சொல்ல, பேனல் ஒருவர் என்று எழுதிக்கொண்டது. சில பேனல்கள் இரட்டை அட்ரஸ் என்று கத்தும். இது கத்தவில்லை. (புதிய 159 வகையில் பத்தின் வட்டம் 15 வரை போகும் என்பதால் இரண்டையும் பிரித்து அறியலாம், குழப்பம் குறைவு. தலைகீழாகப் படித்தால் 6, 9 மாறுவது மட்டும் எதிலும் தீராது.)

தெரிந்த பிறகு வழி எளிது. பேனலின் பட்டியலில் விட்டுப்போன எண்களைத் தாளில் எழுதுங்கள். 13 இல்லையா? 31 எங்கே இருக்கவேண்டுமோ அங்கே போய் அந்த ஹெட்டைக் கழற்றுங்கள். பேனல் "31 காணோம்" என்று ஃபால்ட் சொல்லவேண்டும். சொல்லாமல் அமைதியாக இருந்தால் வேறெங்கோ இன்னொருவர் 31 என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். 13 இருக்கவேண்டிய இடத்தில் அவர் இருப்பார். ஆறில் ஐந்து இப்படிக் கிடைத்தன. ஆறாவது 6, 9 குழப்பம். மூன்றாம் நாள் மதியம் திரையில் 142 வந்தபோது உண்மையிலேயே நெஞ்சு நிறைந்தது.

எண்ணிக்கை சரியாகிவிட்டது என்று அத்தோடு விட்டிருந்தால் பெரிய தவறு நடந்திருக்கும். புகை ஸ்ப்ரேயோடு ஒவ்வொரு ஹெட்டாகப் போனோம். காந்தம் வைத்துப் பார்ப்பது உள்ளே இருக்கும் சர்க்யூட்டை மட்டுமே சோதிக்கும், புகை நுழையும் வழி அடைத்திருந்தால் காட்டிக்கொடுக்காது. தரைத்தளத்தில் ரெக்கார்டு அறையில் ஸ்ப்ரே அடித்தால், பேனல் பக்கத்தில் இருந்தவர் வாக்கி டாக்கியில் "முதல் தளம், பேன்ட்ரி" என்கிறார். 25-ம் 52-ம். இரண்டுமே மாறி வைக்கப்பட்டதால் எண்ணிக்கையில் ஓட்டை இல்லை, இரட்டை இல்லை, ஃபால்ட் இல்லை. ஆட்டோ புரோகிராமால் இதைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது. ரெக்கார்டு அறையில் நெருப்புப் பிடித்திருந்தால் ஆட்கள் மாடிப்படி ஏறிப் பேன்ட்ரியில் தேடியிருப்பார்கள். இன்னும் ஒரு ஜோடி இதேபோல் கிடைத்தது. "பத்துக்கு ஒன்று சோதித்தால் போதாதா?" என்று கட்டடத் தரப்பு மேலாளர் கேட்டார். போதாது. 142 என்றால் 142.

அடுத்தது மாட்யூல்களின் வகை. மாட்யூல் மானிட்டரா (சிக்னல் வாங்குவது) கண்ட்ரோலா (வேறொன்றை இயக்குவது) என்பது மட்டுமே பேனலுக்குத் தெரியும். வயரின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. எங்களுடைய 17 மானிட்டர் மாட்யூலையும் ஒரே மாதிரி தீ அலாரம் என்று போட்டுவிட்டது. மேனுவல் கால் பாயிண்ட் (ஆள் கையால் அலாரம் கொடுக்கும் பெட்டி) எட்டுக்கும் ஃப்ளோ சுவிட்ச் (ஸ்பிரிங்க்ளர் குழாயில் தண்ணீர் ஓடினால் சொல்வது) நான்குக்கும் அது சரி. ஸ்பிரிங்க்ளர் வால்வின் டேம்பர் சுவிட்ச் (வால்வை மூடினால் சொல்வது) நான்கு இருக்கின்றன. பிளம்பர் வால்வை மூடினால் கட்டடமே காலியாகவேண்டுமா? அவற்றைச் சூப்பர்வைசரி (தீ அலாரம் அடிக்காமல் எச்சரிக்க மட்டும் செய்வது) என்று மாற்றவேண்டும். பம்ப் ஓடுகிறது என்ற சிக்னல் வெறும் தகவல். ஃப்ளோ சுவிட்சுக்கு அதன் உடம்பிலேயே 0 முதல் 90 விநாடி வரை தாமதம் வைக்கும் திருகு பெரும்பாலும் இருக்கும். அதையும் பார்க்காமல் பேனலிலும் தாமதம் வைத்தால் இரண்டும் கூடிவிடும். தாமதம் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

கண்ட்ரோல் பக்கம் 13. ஒவ்வொன்றையும் பொது அலாரத்திலிருந்து பிரித்து, ஹூட்டர், ஏ.எச்.யூ., லிஃப்ட், கதவு, பிரஷரைசேஷன் ஃபேன் (புகை நுழையாமல் காற்றைத் தள்ளுவது) என்று எது எதற்கு இயங்கவேண்டும் என்பதைக் கையால் எழுதினோம். கேஸ் பேனலின் மாட்யூல் சர்வர் அறையின் இரண்டு குறுக்கு ஸோன்களும் (தனித்தனி டிடெக்டர் குழுக்கள்) சேர்ந்து அடித்தால் மட்டும் இயங்கும்.

லைன் அறுந்ததா என்று பேனல் கண்காணிக்க லைனின் முடிவில் மாட்டும் ரெசிஸ்டரில் ஒரு மணி நேரம் போனது. இந்தப் பேனலின் சொந்த ஹூட்டர் லைனுக்கு முடிவில் 4.7 கே (கிலோ ஓம்), மாட்யூல்களுக்கு 47 கே. பையில் இரண்டும் கலந்து கிடந்தன. நிறப் பட்டைகள் மஞ்சள், ஊதா, சிவப்பு என்றால் 4.7; மஞ்சள், ஊதா, ஆரஞ்சு என்றால் 47. ஷாஃப்ட்டின் மங்கிய வெளிச்சத்தில் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றாகத்தான் தெரியும். ஹூட்டர் லைனில் 47 மாட்டியதால் லைன் அறுந்ததாகப் பேனல் ஃபால்ட் காட்டியது. மாட்டும் முன் ஒவ்வொன்றையும் மீட்டரில் வைத்துப் பாருங்கள். முடிவு ரெசிஸ்டர் கடைசிச் சாதனத்தில்தான் இருக்கவேண்டும். பேனலுக்குள்ளேயே மாட்டினால் ஃபால்ட் போய்விடும், கூடவே கண்காணிப்பும் போய்விடும்.

பேட்டரிக்கு ஒப்பந்தத்தில் 7 ஆம்பியர் மணி என்று இருந்தது. காத்திருப்பில் அளந்தது 0.35 ஆம்பியர், எல்லா ஹூட்டரும் அடிக்கும்போது 2.4. 24 மணி நேரத்துக்கு 8.4, பிறகு அரை மணி நேர அலாரத்துக்கு 1.2, மொத்தம் 9.6. வயதாக வயதாகப் பேட்டரி இறங்கும் என்பதால் கால் பங்கு சேர்த்தால் 12. கடையில் கிடைத்த 12 வோல்ட், 18 ஆம்பியர் மணி இரண்டை வாங்க வைத்தோம். இந்த அளவை அளந்த காகிதத்தைக் காட்டிய பிறகுதான் பணம் ஒதுக்கினார்கள்.

நான்காம் நாள் பெயர் எழுதும் வேலை. 20 எழுத்துக்குள் அடங்கவேண்டும். டிராயிங்கில் உள்ள அறை எண்ணை எழுதாதீர்கள், இரவுக் காவலருக்குப் புரிகிற பெயரை எழுதுங்கள். முடிந்ததும் மடிக்கணினியில் பேக்கப் எடுத்து, பென்டிரைவில் ஒரு பிரதி கட்டடத்தாரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தோம். பிறகு யாராவது இரண்டு ஹெட் கூடுதலாக மாட்டிவிட்டு மறுபடி ஆட்டோ புரோகிராம் ஓட்டினால், பேனலின் மாடலைப் பொறுத்து எழுதிய பெயர்களும் இணைப்புகளும் அழியக்கூடும். அன்றைக்குப் பதில் சொல்லாத ஹெட்டும் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் கழன்றுவிடக்கூடும். சேர்ப்பது ஒன்றிரண்டு என்றால் கையால் சேர்ப்பதே நல்லது.

கிளம்பும் முன் டேப் சுற்றிய கம்பிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினோம், சொலினாய்டு கடைசியாக. 142 ஹெட், 30 மாட்யூல், எண், இடம், வகை, சோதித்த தேதி என்று அச்சடித்த பட்டியல் இப்போது பேனல் கதவின் உட்புறம் பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. பக்கத்திலேயே ஷாஃப்ட் சாவி யாரிடம் என்றும் எழுதியிருக்கிறோம்.