ஹம்ப்டா கணவாயும் 73 கிராம் அடுப்பும்

மணாலி அருகே தொடங்கி ஹம்ப்டா கணவாயைக் கடந்து லாஹௌல் பக்கம் இறங்கும் பாதையில், குதிரையோ சமையல்காரரோ இல்லாமல், நானும் நண்பர் ஒருவரும் 2022 செப்டம்பர் இறுதியில் நான்கு நாட்கள் நடந்தோம். எங்கள் சமையலறை முழுவதும் ஒரு லிட்டர் பாத்திரத்துக்குள் அடங்கியிருந்தது: கால்களை மடக்கினால் உள்ளங்கைக்குள் மறைந்துவிடும் 73 கிராம் அடுப்பு, ஒரு லைட்டர், இரண்டு கரண்டிகள். கேஸ் உருளையை எந்தப் பையில் வைத்தும் விமானத்தில் கொண்டுசெல்ல முடியாது என்பதால், 230 கிராம் வாயு கொண்ட உருளைகள் இரண்டை மணாலியில் வாங்கினோம். அவற்றுள் ஒன்று, விலை குறைவு என்று நான் எடுத்த வெறும் பியூட்டேன்.

அதன் விளைவு பாலு கா கேரா முகாமில், 3,600 மீட்டருக்கு மேல், விடியற்காலையில் தெரிந்தது. கூடாரத் துணியில் உறைபனி படிந்திருந்தது. அடுப்பு பற்றிக்கொண்டது; ஆனால் இரண்டு நிமிடத்தில் நீலச் சுடர் சுருங்கி, விளக்குத் திரி போல நடுங்கத் தொடங்கியது. உருளையைத் தொட்டபோது விரல் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சில்லிட்டிருந்தது. குலுக்கினால் உள்ளே திரவம் நிறைய அலம்பியது.

உருளைக்குள் திரவமாக இருக்கும் பியூட்டேன் கடல் மட்டத்தில் மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே கொதித்து வாயுவாகாது. கலவை உருளைகளில் சேர்க்கும் ஐசோபியூட்டேனுக்கு அந்த எல்லை மைனஸ் 12, புரொப்பேனுக்கு மைனஸ் 42. மலை உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் இந்த அளவுகள் இன்னும் கீழே இறங்கும் என்பது நமக்குச் சாதகம்தான். ஆனால் திரவம் ஆவியாகும்போது தன் வெப்பத்தையே செலவழிப்பதால், எரிய எரிய உருளை வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. அகன்ற மூடியில் வெதுவெதுப்பான நீரை ஊற்றி உருளையை அதில் நிறுத்தியதும் சுடர் மீண்டது. காற்றைத் தடுக்கிறோம் என்று உருளையைச் சுற்றித் தகடு கட்டுவதை மட்டும் யாரும் செய்யக் கூடாது. வெப்பம் உள்ளே தேங்கினால் உருளை வெடிக்கக்கூடும். கூடாரத்துக்குள் எரிப்பதும் வேண்டாம். அடுப்பிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாடை கிடையாது.

உணவையும் இந்த அடுப்புக்கு ஏற்றபடிதான் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுவதால், குக்கர் இல்லாமல் பருப்பும் அரிசியும் எளிதில் வேகாது. சின்னப் பர்னரின் சுடர் நடுவில் குவிவதால் கிளறிச் சமைப்பவை அடிபிடிக்கும். வீட்டிலேயே கடுகு, கறிவேப்பிலை தாளித்து வறுத்துக்கொண்டுபோன ரவையைக் கொதிநீரில் கொட்டி, உடனே அடுப்பை அணைத்து, பாத்திரத்தைக் கம்பளிக் குல்லாயால் மூடிப் பத்து நிமிடம் வைத்தோம். உப்புமா உதிரியாக வந்தது. இரவில் கெட்டி அவலும் புளிக்காய்ச்சலும். அதற்கு நெருப்பு இன்னும் குறைவு.

சுமார் 4,270 மீட்டர் உயரக் கணவாயைக் கடந்து இறங்கிய ஷியா கோருவில் குளிர் இன்னும் கடுமை. அன்றிரவு புரொப்பேன் கலந்த இரண்டாவது உருளையைத் தூங்கும் பைக்குள் காலடியில் வைத்துக்கொண்டேன். காலையில் முதல் பொறியிலேயே சுடர் சீறி எழுந்தது. சுக்குக் காப்பிக்கான தண்ணீர் சில நிமிடங்களில் கொதித்தது.

லாஹௌல் பக்கம் உள்ள சத்ரு என்ற இடத்துக்கு இறங்கியதும், எவ்வளவு வாயு மிச்சம் என்று அறிய அந்த உருளையைப் பாத்திரத்து நீரில் மிதக்கவிட்டு, எவ்வளவு மூழ்குகிறது என்று பார்த்தோம். பாதிக்குமேல் மிச்சம் இருந்தது. அங்கிருந்து மேலே ஏறத் தயாராக இருந்த இருவரிடம் அதைக் கொடுத்து, இரவில் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னோம்.