பழைய கால்குலேட்டரில் யாரோ விட்டுச்சென்ற கணக்கு

என் அக்காள் மகன் பினாங்கில் ஒரு தனியார் கல்லூரியில் அமெரிக்கப் பட்டப்படிப்புத் திட்டத்தில் சேர்ந்ததும், புள்ளியியல் பாடத்துக்கு வரைபடக் கால்குலேட்டர் கட்டாயம் வேண்டும் என்று தகவல் வந்தது. புதியதன் விலையை இணையத்தில் பார்த்த அத்தான், “இது ஃபோனும் பேசுமா?” என்று கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மலேசியப் பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மின் கூடுதல் கணிதத் தாளில், நிரலிட முடியாத அறிவியல் கால்குலேட்டரை மட்டுமே பயன்படுத்தலாம் என்று அச்சிட்டிருந்ததைப் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். நிரல் எழுதக்கூடிய கால்குலேட்டரைக் கல்லூரியே வாங்கச் சொல்வது, தேர்வு மண்டபத்துக்குத் துண்டுச்சீட்டோடு வரச் சொல்வதைப் போல எங்களுக்குத் தோன்றியது.

பழைய சாமான்களுக்குப் பெயர்போன லோரோங் கூலிட் சந்தையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தொலைக்காட்சி ரிமோட்டுகளின் குவியலுக்கு நடுவே டிஐ-83 பிளஸ் என்ற வரைபடக் கால்குலேட்டர் ஒன்று எனக்குக் கிடைத்தது. கடைக்காரர் அதையும் ரிமோட் என்றே நம்பியிருந்தார்; நானும் ரிமோட்டுக்கான விலையையே கொடுத்தேன். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1999இல் வெளியிட்ட இக்கருவியின் திரையில் அகலவாக்கில் 96 புள்ளிகளும் உயரவாக்கில் 64 புள்ளிகளும்தான் உண்டு; பயனர் பயன்படுத்தக்கூடிய ரேம் நினைவகம் ஏறக்குறைய 24 கிலோபைட். இது போதுமா என்று மருமகன் முகம் சுளித்தான். 1985இல் வந்த முதல் வரைபடக் கால்குலேட்டரான கேசியோ எஃப்எக்ஸ்-7000ஜியில் நிரலுக்கென்று இருந்த இடம் வெறும் 422 பைட்டுகள்தான் என்று நான் சொன்னதும், அவன் என்னையும் அந்தக் குவியலில் கிடைத்த பொருளைப் போலவே பார்த்தான்.

புதிய பேட்டரிகளைப் போட்டு நிரல் பட்டியலைத் திறந்தபோதுதான், பழைய உரிமையாளர் எதையும் அழிக்காமல் விற்றிருக்கிறார் என்று தெரிந்தது. நிரலின் பெயருக்கு எட்டு எழுத்துகளுக்கு மேல் இக்கருவி இடம் தராது. அந்த எட்டுக்குள் அவர் குவாட், குவாட்2, குவாட்3, குவாட்ஓகே, மக்கான் (மலாயில் ‘சாப்பிடு’) என்று ஐந்து நிரல்களைச் சேர்த்து வைத்திருந்தார். நிரலிடும் கால்குலேட்டரைக் கையில் எடுத்தவர்கள் எல்லாரும் இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் நிரலைத்தான் முதலில் எழுதுகிறார்கள் என்பது என் நெடுநாளைய கருத்து. அதையே நான்கு முறை எழுதியவருக்கு ஏதோ மனக்குறை இருந்திருக்க வேண்டும். புள்ளியியல் மாணவனுக்கு இருபடிச் சமன்பாடு எதற்கு என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

ஒவ்வொரு பெயருக்கு முன்னும் ஒரு நட்சத்திரக்குறி இருந்தது. பேட்டரி தீர்ந்தாலும் அழியாத ஆர்க்கைவ் பகுதியில் நிரல் பூட்டி வைக்கப்பட்டிருப்பதற்கு அது அடையாளம்; அங்கிருந்து வெளியே எடுக்காமல் ஓட்டினால் கருவி பிழைச்செய்தியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். வெளியே எடுத்து ஓட்டிய பிறகும் மருமகனுக்கு விடிவு வரவில்லை. டிஐ கருவிகளில் கழித்தலுக்கு ஒரு விசையும், எதிர்ம எண்ணுக்கு அடைப்புக்குறிக்குள் சிறு கோடு போட்ட வேறொரு விசையும் உண்டு. −5 என்று கொடுக்க அவன் கழித்தல் விசையை அழுத்தும்போதெல்லாம் ‘எரர்: சின்டாக்ஸ்’ என்று திரை கடிந்துகொண்டது. இரண்டு கோடுகளும் ஒன்றுபோல இருக்கும்போது கருவிக்கு மட்டும் எப்படி வித்தியாசம் தெரிகிறது என்று அக்கா கேட்டார். அது நியாயமான கேள்விதான்.

குவாட்ஓகே நிரலில் சமன்பாட்டின் கெழுக்களான ஏ, பி, சிக்கு 1, −5, 6 என்று கொடுத்தோம். 3, 2 என்று சரியான மூலங்கள் வந்தன. அத்தான் கைதட்டினார். பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்த எனக்கு, முதல் சோதனையிலேயே தேறிவிடுகிற எதன்மீதும் நம்பிக்கை வருவதில்லை. எனவே 2, −5, 2 என்று கொடுக்கச் சொன்னேன். 8, 2 என்று வந்தது. உண்மையான மூலங்கள் 2, 0.5 ஆகும், 8ஐச் சமன்பாட்டில் இட்டுப் பார்த்தால் பூச்சியத்துக்குப் பதிலாக 90 கிடைக்கிறது. அதே கருவியில் வரைபடத்தைப் போட்டபோது, பரவளையம் 8க்கு அருகில் எங்குமே கிடைக்கோட்டை வெட்டவில்லை. “ஒன்று சரிதானே மாமா, பாதி மார்க் கிடைக்கும்” என்றான் மருமகன்.

நிரலைத் திறந்து படித்தால் காரணம் ஒரே வரியில் இருந்தது. 2ஏயால் வகுக்க வேண்டிய இடத்தில், பழைய உரிமையாளர் கடைசியில் ‘/2ஏ’ என்று அடைப்புக்குறி இல்லாமல் எழுதியிருந்தார். டிஐ-83 பிளஸ் இடமிருந்து வலமாகப் போகும். முதலில் 2ஆல் வகுத்து, பிறகு வந்த விடையை ஏயால் பெருக்கிவிடும். ஏயின் மதிப்பு 1 ஆக இருக்கும்வரை பெருக்கினாலும் வகுத்தாலும் ஒன்றுதான் என்பதால் தவறு வெளியே தெரியாது. நான்கு நிரல்களிலும் அதே வரி, அதே தவறு. மனிதர் ஏயை 1 ஆகவே வைத்துச் சோதித்துவிட்டு, மனநிறைவோடு ‘ஓகே’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்.

பிறர் எழுதியது வேண்டாம், நானே எழுதுகிறேன் என்று மருமகன் அன்று மாலை உட்கார்ந்தான். அடைப்புக்குறிகளைத் தாராளமாகவே போட்டான். ஆனால் எந்தச் சமன்பாட்டைக் கொடுத்தாலும் விடை 0 என்று வந்தது. விடையைத் திரையில் காட்டும் ‘டிஸ்ப்’ என்ற கட்டளையை அதற்குரிய பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்காமல், டி, ஐ, எஸ், பி என்று ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி, இடைவெளி விடாமல் விடை இருந்த மாறியையும் பக்கத்திலேயே எழுதியிருந்தான். கருவிக்கு அது கட்டளை அன்று. ஐந்து மாறிகளின் பெருக்கல். எவரும் மதிப்புக் கொடுக்காத டியும் ஐயும் எஸும் பியும் பூச்சியமாகவே இருந்ததால், கருவி நேர்மையாகப் பெருக்கி நேர்மையாகப் பூச்சியத்தைக் காட்டியது. ஒரு வகையில் அதுதான் அன்று முழுவதும் எங்கள் வீட்டில் நடந்த மிகச் சரியான கணக்கு. பட்டியலிலிருந்து கட்டளையை எடுத்துப் போட்டதும் 2, 0.5 என்று வந்தது; அக்கா அனைவருக்கும் தே தாரே என்ற ஆற்றிய பால் தேநீர் கலக்கினார்.

எஞ்சியிருந்தது மக்கான். உணவகத்தில் வந்த தொகையையும் சாப்பிட்டவர்களின் எண்ணிக்கையையும் கேட்டு, ஆளுக்கு எவ்வளவு என்று சொல்லும் சிறிய நிரல் அது. தொகையை அது 1.15ஆல் பெருக்குவதைக் கண்டதும் எனக்கு ஆர்வம் தாளவில்லை. மலேசியாவில் சேவை வரி 5 விழுக்காடாக இருந்து 2011ஆம் ஆண்டு தொடக்கத்தில் 6 ஆனது. உணவகத்தின் 10 விழுக்காடு சேவைக் கட்டணத்தோடு பழைய வரியைக் கூட்டினால் சரியாக 15 வரும். ஆகவே இதை எழுதியவர் 2011க்கு முன்பு, குளிரூட்டிய உணவகங்களில், நண்பர்களிடம் ஒரு காசும் விடாமல் வசூலித்துச் சாப்பிட்டவர் என்று நான் விளக்கினேன். மருமகன் பாதியில் எழுந்து போய்விட்டான்.

அடுத்த வாரம் உறவினர்கள் எல்லாரும் நாசி கண்டார் என்ற குழம்புச் சோறு சாப்பிடப் போனபோது, பணம் பிரிக்கும் பொறுப்பை அவனே கேட்டு வாங்கிக்கொண்டு, கால்குலேட்டரை மேசைமேல் வைத்து மக்கானை ஓட்டினான். அந்தக் கடையில் சேவைக் கட்டணமும் இல்லை, வரியும் இல்லை. எல்லாரும் கொடுத்த பிறகு கல்லாவில் கட்டிய தொகை போகப் பணம் மீந்திருந்தது. அதை அவன் பேட்டரிச் செலவு என்று சொல்லிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ரசீதை எடுத்துக் கைப்பேசியில் கணக்குப் பார்த்த அத்தான், ஏயின் மதிப்பு என்ன என்று கேட்டார்.