தோட்டத்துத் தலைமுறைகளும் பழைய உயில்களும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் முன்னோரைத் தேடத் தொடங்கும் குடும்பங்கள் பல, "தாத்தா பால்மரம் (ரப்பர்) வெட்டியவர், அவர் எங்கே உயில் எழுதினார்?" என்று ஆரம்பத்திலேயே கைவிட்டு விடுகின்றன. பாதி உண்மைதான். லயத்து வீடும் (தொழிலாளர் வரிசை வீடு) கம்பெனியுடையது, மரமும் கம்பெனியுடையது. உயில் எழுதியவர்கள் கங்காணி, கிராணி (தோட்டத்து எழுத்தர்), டிரஸர் (தோட்டத்து மருத்துவ உதவியாளர்), பட்டணத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவர், மாட்டு வண்டி ஓட்டியவர், பால்மாடு வளர்த்தவர், வட்டிக்கடைச் செட்டியார், அரசாங்க வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்தார். ஆனால் அவர்களுடைய உயில்களில்தான் மற்றவர்களும் இருக்கிறார்கள். ஒருவர் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருப்பார், இன்னொருவர் கடன் வாங்கியவராகப் பதிவாகியிருப்பார், வேறொருவருக்கு ஒரு கன்றுக்குட்டி எழுதி வைத்திருப்பார்கள்.

உயிலை மட்டும் படித்துவிட்டு நிறுத்தக் கூடாது என்பதுதான் இங்கே முக்கியமாகச் சொல்ல வேண்டியது. உயில் ஒன்றிரண்டு பக்கம்தான் இருக்கும். தலைமுறை அதற்குப் பின்னால் கட்டி வைத்த காகிதங்களில் இருக்கிறது. புரோபேட் (உயில் செல்லும் என்று கோர்ட் தரும் உத்தரவு) கேட்டுத் தாக்கல் செய்த மனு, மரணச் சான்று, உயில் தமிழில் இருந்தால் கோர்ட் துபாஷி செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு, வாரிசுகளின் பெயர், சொத்தும் கடனும் எழுதிய அட்டவணை, எஸ்டேட் டூட்டி (இறந்தவர் சொத்துக்கு அரசாங்கம் வாங்கிய வரி) தாள்கள் என எல்லாம் ஒரே கோப்பில் சேர்ந்திருக்கும். எஸ்டேட் டூட்டி 1991 நவம்பர் 1 முதல் எடுக்கப்பட்டுவிட்டது. அதற்கு முந்தைய கோப்புகளில் வரி கணக்கிடுவதற்காகச் சொத்தை வரிவரியாக எழுதியிருப்பார்கள். நமக்கு அது பெரிய லாபம்.

அந்த அட்டவணையில் நிலம், நகை, போஸ்ட் ஆபீஸ் சேமிப்புப் புத்தகம், மாடு, வண்டி எல்லாம் வரும். கூட்டு (சீட்டு) பிடித்திருந்தால் கட்டிய தவணையும் வரலாம். அதற்குக் கீழே வர வேண்டிய கடன்கள். "கைமாற்று 40 வெள்ளி, இன்னார், இன்ன தோட்டம்" என்று ஒரு வரி இருந்தால், அந்த ஆள் அந்த ஆண்டில் அந்தத் தோட்டத்தில் உயிரோடு இருந்தார் என்பதற்கு அது சான்று. லயத்தில் வாழ்ந்த ஒரு குடும்பத்துக்கு, பெயர் எழுதப்பட்ட முதல் காகிதமே அந்த ஒரு வரியாக இருக்கலாம். அதனால் உறவுக்காரர் கோப்போடு நின்றுவிடாமல், அதே தோட்டத்துக் கங்காணி, கடைக்காரர் கோப்புகளையும் புரட்டுங்கள்.

கோப்பைக் கண்டுபிடிக்க வேண்டியது எண். எண் இருக்கும் இடம் நிலத்தின் கிராண்ட், அதாவது உரிமைப் பத்திரம். சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்தைச் சேர்ந்தது. பத்து ஏக்கருக்குக் குறைந்த கிராமப்புற நிலத்தின் முக்கிம் (மாவட்டத்தின் உட்பிரிவு) கிராண்ட் மாவட்ட நில அலுவலகத்தில் இருக்கும். பெரிய நிலமும் பட்டண நிலமும் ஈப்போவில் மாநில நிலப் பதிவகத்தில். லாட் எண்ணும் முக்கிம் பெயரும் தெரிந்தால் 'சாரியான் பெர்செண்டிரியான்' என்ற தனியார் தேடலுக்குக் கட்டணம் கட்டலாம். கிராண்ட் கையில் இல்லையென்றால் பழைய நிலவரி ரசீது போதும்.

இங்கே ஒரு சிக்கல் வரும். இன்றைய கம்ப்யூட்டர் தேடலில் தற்போதைய உரிமையாளர் பெயர்தான் வரும். உங்களுக்கு வேண்டியது ரத்து செய்யப்பட்ட பழைய பதிவேட்டுப் பக்கம். அதைத் தனியாகக் கேட்க வேண்டும். தேசிய நிலச் சட்டம் 1966 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் சிறு நிலங்கள் முக்கிம் பதிவேட்டில் இருந்தன. பட்டா எண் பிறகு மாறியிருக்கும், லாட் எண் பெரும்பாலும் மாறியிருக்காது. ஆகவே லாட் எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போங்கள். பழைய பக்கத்தில் ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் 'வாக்கீல்', அதாவது இறந்தவரின் பிரதிநிதி என்று குறித்திருந்தால், பக்கத்திலேயே புரோபேட் எண்ணோ நில அலுவலக உத்தரவு எண்ணோ ஆண்டோடு இருக்கும். அதைப் பிழையில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த எண்ணோடு உயர்நீதிமன்றப் பதிவகத்துக்குப் போகலாம். பேராக்கில் உயர்நீதிமன்றம் ஈப்போவிலும் தைப்பிங்கிலும் இருக்கிறது. 1937 வரை மாநிலத் தலைநகர் தைப்பிங் என்பதால், போருக்கு முந்தைய கோப்பு ஈப்போவில் கிடைக்காவிட்டால் தைப்பிங்கில் கேளுங்கள். கோப்பைப் பார்க்க எழுத்து மூலம் விண்ணப்பித்து, இறந்தவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு என்று சொல்ல வேண்டும். பழைய மாநிலச் செயலக, மாவட்ட அலுவலகக் கோப்புகளைக் கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகமான அர்க்கிப் நெகாராவில் தேடலாம். அதன் அட்டவணை இணையத்தில் இருக்கிறது.

எண் தெரியாமல் பெயரை வைத்துத் தேடுகிறீர்களா? அப்படியானால் ஆங்கில எழுத்துக்கூட்டல்தான் எதிரி. முனியாண்டியை நாலைந்து விதமாக எழுதியிருப்பார்கள். வேலாயுதம் ஒரு கோப்பில் வேலு, இன்னொன்றில் வேலன். போவதற்கு முன்பே சாத்தியமான எழுத்துக்கூட்டல்கள் எல்லாவற்றையும் எழுதி, முதல் எழுத்து மாறக்கூடியவற்றைத் தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அகர வரிசைப் பட்டியலில் முதல் எழுத்து தவறினால் பெயர் கண்ணில் படவே படாது. தகப்பன் பெயரின் கீழும் பாருங்கள். எது சொந்தப் பெயர், எது தகப்பன் பெயர் என்று குமாஸ்தா குழம்பிய இடங்கள் உண்டு. புரோபேட் பட்டியலோடு, உயில் இல்லாதபோது கோர்ட் தரும் நிர்வாக அதிகாரப் பத்திரப் பட்டியலையும் பார்க்க வேண்டும். உயில் எழுதியபின் ஒருவர் மறுமணம் செய்தால் பழைய உயில் செல்லாது. 1959 உயில் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. குடும்பத்தில் எல்லாரும் 'உயில் இருந்தது' என்று சொல்வார்கள், ஆனால் கோர்ட்டில் உயில் இல்லாத கணக்கில்தான் கோப்பு திறந்திருக்கும்.

உயில் கைக்கு வந்ததும் முதலில் தேதியைப் பாருங்கள். உயில் தேதி, மரணத் தேதி, புரோபேட் தேதி மூன்றும் வேறு வேறு. மூன்றாவது, முதலாவதுக்கு இருபது முப்பது ஆண்டு தள்ளிக்கூட வரலாம். உயிலில் பெயர் உள்ள பேரப்பிள்ளை உயில் தேதிக்கு முன் பிறந்தவர். மனுவில் மட்டும் பெயர் உள்ளவர் இடையில் பிறந்தவராகவோ, மருமகளாக வந்தவராகவோ இருக்கலாம்.

தமிழ் உயில்களில் ஆண்டுப் பெயர் மட்டும் இருக்கும். 'தாது வருஷம் ஆவணி மாதம்' என்றால் 1936 ஆகஸ்டு - செப்டம்பர். அதே தாது 1876லும் வந்தது, 1996லும் வந்தது. எந்தச் சுற்று என்பதைச் சாட்சிகளின் வயதும் தோட்டத்தின் பெயரும் சொல்லிவிடும். தை, மாசி, பங்குனியில்தான் அதிகம் தவறுகிறார்கள். தாது வருஷம் தை மாதம் 1937 ஜனவரியில் வருகிறது, 1936 அல்ல. மார்கழி இரண்டாம் பாதியும் அப்படித்தான். ஜப்பான் காலத்துத் தாள்களில் 2602, 2603 என்று ஆண்டு இருந்தால் அது 1942, 1943. அந்தக் காலத்துத் தொகைகளை வைத்து ஒருவரின் வசதியை எடைபோட வேண்டாம். ஜப்பான் நோட்டின் மதிப்பு மாதத்துக்கு மாதம் சரிந்துகொண்டிருந்தது.

உறவுமுறைகளை மொழிபெயர்ப்பிலிருந்து எடுக்காதீர்கள், தமிழ் மூலத்திலிருந்து எடுங்கள். மருமகன் அக்காள் மகனா, மகளின் கணவனா என்பதைத் துபாஷி தன் ஊகத்தில் எழுதியிருப்பார். சொந்தப் பிள்ளைகளுக்கு நடுவே அண்ணன் மகனையும் 'என் மகன்' என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். மகள்கள் பெயர் இல்லையென்றால் மகள்களே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கல்யாணத்தில் நகை போட்டு அனுப்பியதால் பங்கு முடிந்தது என்று விட்டிருப்பார்கள். ஊரில் ஒரு மனைவி, மலாயாவில் ஒரு மனைவி என்பதும் ஒளித்து வைக்க வேண்டிய விஷயம் அல்ல. 1982 மார்ச் 1இல் திருமணச் சீர்திருத்தச் சட்டம் நடப்புக்கு வரும்வரை இந்து வழக்கப்படி இரண்டாவது திருமணத்துக்குச் சட்டத்தடை இல்லை. இரண்டு கிளையையும் சேர்த்தால்தான் மரம் முழுமையாகும். மறைத்த கிளையில் இருப்பவர்களும் நம் ரத்தம்தான்.

சாட்சிகளைத் தாண்டிப் போகாதீர்கள். உயிலால் பயன் பெறுகிறவர் சாட்சி போட்டால் அவருக்கு எழுதியது செல்லாமல் போகும். ஆகவே இரண்டு சாட்சிகளும் பெரும்பாலும் வாரிசு அல்லாதவர்கள்: தோட்டத்துக் கிராணி, டிரஸர், பக்கத்து வீட்டுக்காரர், ஒரே கப்பலில் வந்தவர். அந்த இருவரின் தோட்டப் பெயர்தான் அடுத்த தேடலின் தொடக்கம்.

உயிலே இல்லாதவர்களின் நிலத்துக்கு 1955 சிறு சொத்துப் பகிர்வுச் சட்டம் இருக்கிறது. ஊரில் 'பூசாக்கா கெச்சில்' என்றுதான் சொல்வோம். நில அலுவலகத்தில் விசாரணை நடக்கும், 'ஏ' பாரத்தில் வாரிசுகள் பட்டியல் இருக்கும், முடிவில் 'இ' பாரத்தில் பங்கு உத்தரவு வரும். அந்த உத்தரவின் பின்னங்களே ஒரு வம்சாவளி. 1958 பகிர்வுச் சட்டப்படி மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. கிராண்டில் ஒரு பெண்ணுக்கு 1/3, ஐந்து பேருக்கு 2/15 வீதம் என்று இருந்தால் விதவையும் ஐந்து பிள்ளைகளும். இரண்டு பெண்களுக்கு 1/6 வீதம் என்றால் இரண்டு மனைவியர். பிறகு ஒரு 2/15, ஒரு 2/45 ஆகவும் மூன்று 4/135 ஆகவும் உடைந்திருந்தால், அந்த மகன் இறந்துவிட்டார், மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று அர்த்தம். பெயரே தெரியாத நிலையிலும் ஆள் எண்ணிக்கையை இப்படிப் பிடிக்கலாம். கணக்கு சேராவிட்டால் யாரோ பங்கை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் அல்லது விற்றிருக்கிறார்கள். விசாரணைக் குறிப்பில் அது இருக்கும். 1997 ஆகஸ்டு 31க்குப் பின் இறந்தவரின் பெற்றோர் உயிரோடு இருந்தால் அவர்களுக்கும் கால் பங்கு உண்டு. அதற்கேற்பக் கணக்கை மாற்றுங்கள்.

தாத்தா பெயரிலேயே கிராண்ட் கிடக்கிறதா? இன்னும் விண்ணப்பிக்கலாம். 2024 ஜூலை 15 முதல் சிறு சொத்தின் மொத்த மதிப்புக்கு உச்சவரம்பு 50 லட்சம் வெள்ளி (ரிங்கிட்). ஆனால் இடையில் இறந்த ஒவ்வொருவருக்கும் மரணச் சான்றும் தனி வாரிசுப் பட்டியலும் வேண்டும். தள்ளிப்போடத் தள்ளிப்போட இந்த வேலை கடினமாகிறது.

செட்டியார் நிலப் பதிவில் கவனம் தேவை. விலாசத்தின் (செட்டியார் பெயருக்கு முன் வரும் தொழில் அடையாள எழுத்துகள்) எழுத்துகள் பாட்டன், தகப்பன் பெயர்களின் முதல் எழுத்துகள், அதுவே ஒரு வம்சாவளி. ஆனால் கையெழுத்துப் போட்டவர் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாறும் ஏஜெண்டாக இருக்கலாம். அவரைக் குடும்பத்தில் சேர்க்கக் கூடாது. முதலாளியின் உயில் செட்டிநாட்டில் இருக்கும். அங்கே வாங்கிய புரோபேட்டை இங்கே மறுமுத்திரை போட்டிருந்தால் நம் கோர்ட்டிலும் நகல் கிடைக்கும்.

தமிழ்நாட்டில் பதிவு செய்த உயில் சார்பதிவாளர் அலுவலகத்தில் 3ஆம் புத்தகத்தில் இருக்கும். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று திரும்பி வருகிறவர்கள் பலர். வில்லங்கச் சான்று 1ஆம் புத்தகத்திலிருந்து வருவது, அதில் உயில் வராது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரோ அவர் முகவரோதான் நகல் கேட்கலாம். இறந்தபின் யாரும் விண்ணப்பிக்கலாம், மரணச் சான்றை இணைத்தால் போதும். கிராமத்தின் இன்றைய அலுவலகம் அன்றைய அலுவலகமாக இருக்க வேண்டியதில்லை. எல்லை எப்போது பிரிந்தது என்று முதலில் கேளுங்கள்.

பத்திரிகைகளும் உதவும். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இலவசச் செய்தித்தாள் தளத்தில் ஸ்டிரெய்ட்ஸ் டைம்ஸ், மலாயா டிரிபியூன், தமிழ் முரசு எல்லாம் இருக்கின்றன. கடன் கொடுத்தவர்களுக்கான அறிவிப்பில் இறந்தவர் பெயர், தொழில், ஊர், வக்கீல் பெயர் நாலு வரியில் கிடைக்கும்.

எல்லா வழியும் அடைபடும் காலம் 1942 முதல் 1945. ஜப்பானியர் போட்ட சயாம் ரயில்பாதைக்குப் போனவர்களில் மிகப் பலருக்கு மரணச் சான்றே இல்லை. அந்த இடைவெளியை யூகத்தால் நிரப்பாதீர்கள். போருக்குப் பின் வந்த மனுக்களில் "சயாமுக்குப் போனவர், ஏழு ஆண்டுக்கு மேல் தகவல் இல்லை" என்று உறவினர் கொடுத்த சத்தியப் பிரமாணம் இருக்கிறதா என்று தேடுங்கள். 1950 சாட்சியச் சட்டம் ஏழு ஆண்டு தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கொள்ள இடம் தருகிறது. அதே சட்டத்தின் 32ஆம் பிரிவுப்படி, தகராறு எழுவதற்கு முன் இறந்தவர் உயிலில் எழுதிய உறவுமுறை சாட்சியமாகும். கல்லறைக் கல்லில் பொறித்ததும் அப்படியே.

கிடைத்ததை எழுதி வைக்கும்போது ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தாள் வைத்து, ஆங்கில எழுத்துக்கூட்டலை மூலத்தில் உள்ளபடியே எழுதுங்கள், 'திருத்தி' எழுதாதீர்கள். பக்கத்தில் கோப்பு எண், ஆண்டு, பக்கம். தாளில் பார்த்ததற்கும் பாட்டி சொன்னதற்கும் வேறு வேறு மை. படம் எடுக்கும்போது கோப்பின் அட்டையையும் வெற்றுப் பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள், பின்பக்கத்தில்தான் பதிவாளரின் முத்திரையும் தேதியும் இருக்கும். நில அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டியிருந்தால் போட்டோ செல்லாது, பதிவகத்திலேயே சான்றிட்ட நகல் கேளுங்கள். ஒன்றுக்கு இரண்டாக வாங்கிவிட்டால், பங்காளிகளில் யாராவது கேட்கும்போது மறுபடி தைப்பிங்வரை போக வேண்டியிருக்காது.